நாப்பத்தெட்டுச் சுத்து

ஏனுங் கண்ணு, பயந்துக்காதீங்க. அவரு அந்த வயரைத் திருடறதுக்கு எடுக்கல, சுத்தறதுக்கு எடுக்கறாரு. காதுல மாட்டிப் பாட்டுக் கேக்கற வயருங்களா அது? உள்ளுக்குள்ள செம்பு இருக்குது பாருங்க, அவரு கைக்குத் தெரிஞ்சுபோயிருது. சித்த நேரம் அவருகிட்டயே உட்டுருங்க, சுத்தி முடிச்சுட்டு அவரே திருப்பிக் குடுத்துருவாரு. போன மாசம் பேங்க்ல பேனாவைக் கட்டி வெச்சிருந்த சங்கிலியைப் புடிச்சு இழுத்துப் பாத்தாரு. "இரும்பு"ன்னு சொல்லி மேனேஜரை ஒரு மொற மொறச்சாரு. தரம் பாக்காமக் கை வைக்க மாட்டாருங்க.

என்ற மாமனாருங்க. பேரு நாச்சிமுத்து. எம்பத்திரெண்டு வயசாகுது. சிங்காநல்லூருல மோட்டாரு நாச்சிமுத்துன்னா இன்னைக்கும் தெரியும். கெணத்து மோட்டாரு எரிஞ்சுபோச்சுன்னா சூலூரு, பல்லடத்துல இருந்தெல்லாம் இவருகிட்டத்தான் தூக்கிட்டு வருவாங்க. இப்ப மறதிங்க. டாக்டரு அதுக்கு டிமென்சியான்னு பேரு வெச்சிருக்கறாரு. நாலு வருசமாச்சு. நா வசந்தாமணி. இவரு மகனுக்கு வாக்கப்பட்டு இருவத்தெட்டு வருசம். நா ஆருன்னு இவருகிட்டக் கேட்டுப் பாருங்க, தெரியாதும்பாரு. இன்னைக்குக் காத்தால இந்த ரயில்ல ஏறி உக்காந்ததும் "அம்மா, நீங்க எந்த ஊருக்குப் போறீங்க"ன்னு என்னையக் கேக்கறாரு. சிங்காநல்லூருங்கன்னேன். "அட, நம்மூரு"ன்னு அத்தனை சந்தோசம் அவருக்கு.

எனக்கு அதுக்கு நேர்மாறு. ஞாபகசக்தி சாஸ்தி. இந்தக் காலத்துல ஆருங்க போன் நெம்பரை மனசுல வெச்சுக்கறாங்க? எனக்கு அத்தனையும் மனப்பாடம். கேஸ்காரரு நெம்பரு, தேய்க்கறவரு நெம்பரு, நாத்தனா நெம்பரு, நாத்தனா வூட்டு வாச்மேன் நெம்பரு. ஒரே வூட்டுல ஒருத்தரு மறந்துக்கிட்டே போனா இன்னொருத்தரு பொறுக்கிக்கிட்டே வரோணுமில்லீங்க.

சேலம் தாண்டியாச்சா? அப்ப இவருக்குச் சோத்து நேரம். பதினோரு மணிக்குக் குடுத்தாத்தான் உண்டு. நீங்க பாட்டுக்கு இருங்க, நா ஊட்டிக்கிட்டே பேசறன்.

ஒண்ணு. ஆ காட்டுங்க மாமா. ரெண்டு. பாத்தீங்களா, தொறந்துட்டாரு. மூணு.

தயிர்ச்சோத்துக்கு எதுக்கு எண்ணிக்கைன்னு பாக்கறீங்க. மோட்டாருக்குள்ள செம்புக் கம்பியைச் சுத்திச் சுத்தி வெச்சிருப்பாங்க, காயில்னு பேரு. அது எரிஞ்சுபோச்சுன்னா பழசைப் பிச்சு எறிஞ்சுட்டுப் புதுசாச் சுத்தோணும். ஒரு காயிலுக்கு நாப்பத்தெட்டுச் சுத்து, முடிச்சதும் வார்னிஸ்ல முக்கி எடுக்கோணும். ஒரு சுத்துக் கொறஞ்சாலும் மோட்டாரு மறுக்காவும் எரிஞ்சுபோகும். அதுக்காக இவரு பட்டறையில ஒரு சட்டம் போட்டிருந்தாருங்க. சுத்தறவன் எண்ணக்கூடாது, எண்ணறவன் சுத்தக்கூடாது. இவரு கம்பியைப் புடிச்சுச் சுத்துவாரு, பக்கத்துல ஒருத்தரு நின்னுக்கிட்டுச் சத்தமா எண்ணிச் சொல்லோணும். பத்துக்கு ஒருக்கா மேஸ்திரிகிட்டச் செரி கேட்டுட்டுத்தான் அடுத்த சுத்து. எட்டு. ஒம்பது. அம்பது வருசம் அப்படியே ஓட்டியிருக்கறாரு.

பத்து, மேஸ்திரி. செரிங்களா?

"ம்."

பதினொண்ணு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி திடீருன்னு வாயைத் தொறக்க மாட்டேன்னுட்டாரு. சோறு, இட்டிலி, பழம், ஒண்ணும் எறங்கல. பன்னெண்டு நாளு எளநியும் மோருமா ஓட்டினோம். டாக்டரு மூக்குல குழாய் போடலாம்னாரு. ஒரு நாள் தேய்க்கறவருக்குத் துணி எண்ணிப் போட்டுக்கிட்டு இருந்தேன், ஒண்ணு ரெண்டுன்னு. இவரு கட்டல்ல உக்காந்துக்கிட்டுக் கையைச் சுத்த ஆரம்பிச்சுட்டாரு. அதைப் பாத்ததும் ஓடிப்போயி ரசஞ்சோத்தைக் கொண்டாந்து எண்ணிக்கிட்டே ஒரு ஸ்பூனை நீட்டினேன். லபக்குன்னு வாங்கிக்கிட்டாரு. ஆரு கண்டுபுடிச்சது? நா கண்டுபுடிச்சது. இதைச் சித்த மனசுல வெச்சுக்குங்க, பின்னால வேணும்.

பதினாலு. மெதுவா, மெதுவா. இந்த நாலு வருசத்துல எனக்கு என்ன கொறைன்னு கேட்டீங்கன்னா, கதவுங்க. சிரிக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு பட்டறைக்குப் போயிட்டா வூட்டுல நானும் இவருந்தான். தாழ்ப்பாள் போட்டுட்டுக் குளிக்கப் போனா இவரு வாசலைத் தாண்டித் திருச்சி ரோட்டுக்குப் போயிருவாரு. ரெண்டு தடவை லாரிக்காரன் கொண்டாந்து உட்டுட்டுப் போனான். அதனால கதவைப் பாதி தொறந்து வெச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே நாலு சொம்பு ஊத்திக்கிட்டு ஓடியாருவேன். தாழ்ப்பாள் போட்டுட்டு நிம்மதியா ஒரு குளியல். அதுதாங்க என்ற ஆசை. வேற ஒரு பவுனு கேக்கல, பட்டுச்சேலை கேக்கல.

இப்ப நாத்தனாளுக்கு வாரன். இவருக்கு ஒரே மக. சுகந்தாமணி. மெட்ராஸ்ல பெரிய பரதநாட்டியக்காரி. மேடையில பேரு சுகந்தா. மணியைக் கழட்டிப்போட்டுட்டா. காலுலதான் அத்தனை மணி கட்டறா, பேருல ஒண்ணு இருந்தா என்னவாம்? பத்தொம்பது. குத்தம் சொல்லல, ஆடறது நல்லாத்தான் ஆடுவா. அம்பது வயசுல அரைமண்டி போட்டு உக்காந்தான்னா எந்திரிக்கவே மாட்டா. நா உக்காந்தா எந்திரிக்கவே முடியாது. அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம்.

இருவது, மேஸ்திரி. செரிங்களா?

"ம்."

ஆனி மாசம் வந்தா. அதுவரைக்கும் பொங்கலுக்கு ஒருக்கா, மாரியம்மன் நோம்பிக்கு ஒருக்கா வந்து ரெண்டு நாளு இருந்துட்டு, அப்பா எளச்சுட்டாரு அண்ணின்னு சொல்லிட்டுப் போயிருவா. இந்தத் தடவை பத்து நாளு. கையில நோட்டு, போன்ல வீடியோ. என்னடான்னு பாத்தா, அப்பா மறதியை டேன்ஸாப் போடப் போறாளாமா. இவரு நடந்தா பின்னாலயே நடக்கறா. மூக்குக் கண்ணாடியைத் தேடினா நோட்டுல எழுதிக்கறா. எடுத்துக் குடுக்கறதில்லீங்க, எழுதிக்கறா. ஒரு நாளு இவரு வேட்டியைத் தலையில கட்டிக்கிட்டு, சட்டையை இடுப்புல சுத்திக்கிட்டு நின்னாரு. நா அவுக்கப் போனா, "இருங்க அண்ணி, இருங்க, அந்தக் கையைப் பாருங்க, என்ன ஒரு அபிநயம்"ங்கறா. அபிநயம் முடியற வரைக்கும் மனுசன் அம்மணமா நிக்கோணுமா? போங்க அம்முணி அக்கட்டாலன்னு சொல்லி வேட்டியைக் கட்டி உட்டேன்.

நா சோறு ஊட்டறதை மூணு நாளு வீடியோ எடுத்தா. நாலாவது நாளு சமையக்கட்டுக்கு வந்து, "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அப்பாவை மேஸ்திரின்னு கூப்புடாதீங்க, கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது. அவரு மொதலாளியா இருந்தவரு"ங்கறா. அவரு மொதலாளிதான், ஆரு இல்லீன்னா? ஆனா பட்டறையில அவரை ஒருத்தரும் மொதலாளின்னு கூப்புட்டதில்ல, மேஸ்திரின்னுதான் கூப்புடுவாங்க. இவ பரதநாட்டியம் கத்துக்கறேன்னு சின்னதுலயே மெட்ராஸ் போயிட்டா, பட்டறை வாசமே இவளுக்குத் தெரியாது. செரிங்க அம்முணின்னுட்டேன். அவ போன பொறவு நா பாட்டுக்கு மேஸ்திரி மேஸ்திரின்னு ஊட்டினேன்.

இருவத்தாறு. தொடச்சுக்குங்க மாமா. ஊருக்குக் கெளம்பறப்ப அவளே வாயைத் தொறந்து சொன்னா. "அண்ணி, நிகழ்ச்சி முடிஞ்சதும் அப்பா எங்கிட்ட மூணு மாசம் இருக்கட்டும். நீங்க ரொம்பக் களைச்சுட்டீங்க." அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் புடிக்கல. மூணு மாசம்! தொண்ணூறு குளியலுங்க! மக்காநாளே கடைக்குப் போயி ஒரு சந்தன சோப்பு வாங்கியாந்து அட்டைப் பொட்டி பிரிக்காம அலமாரியில வெச்சேன். தெனமும் தொறந்து மோந்து பாத்துக்குவேன்.

அதுக்குத்தாங்க போன வாரம் மெட்ராஸ் போனது. நிகழ்ச்சியையும் பாத்துட்டு, இவரை அங்கயே உட்டுட்டு வரலாம்னு. வேட்டி பன்னெண்டு, மாத்திரை மூணு மாசத்துக்கு, ரப்பர் சீட்டு, எல்லாம் நாலு பையில கட்டிக்கிட்டு. இருவத்தொம்பது.

முப்பது, மேஸ்திரி. செரிங்களா?

"ம்."

ஞாயித்துக்கெழமை சாயந்தரம். பெரிய சபா ஆலு, ஐநூறு பேரு உக்காரலாம். எங்களுக்கு மொத வரிசை. இவரு ஓரத்து சீட்டு, பக்கத்துல நானு. நிகழ்ச்சிக்குச் சமஸ்கிருதத்துல ஒரு பேரு வெச்சிருந்தா, என்ற வாயில நுழையல, மறதின்னு அர்த்தமாமா. மறதின்னே வெச்சிருந்தா எல்லார்த்துக்கும் ஞாபகம் இருந்திருக்கும். மைக்கைப் புடிச்சு மொதல்ல பேசினா. எங்கப்பா, எங்கப்பான்னு பத்துத் தடவை. "சாப்பிட மறுத்த அப்பாவை எண்ணிக்கை சொல்லிச் சாப்பிட வைத்தோம். அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரிந்த மொழி"ன்னா. மட்டுமே! எனக்கு வாயில இருந்த முட்டாயி கசந்துபோச்சுங்க. பன்னெண்டு நாளு எளநி வெட்டினது ஆரு? தேய்க்கறவருக்குத் துணி எண்ணினது ஆரு? அண்ணின்னு ஒரு வார்த்தை வரல. எங்கண்ணி வூட்டுல சும்மா உக்காந்திருந்தாங்கன்னு சொல்லியிருந்தாக் கூடச் செரின்னு இருந்திருப்பேன்.

அப்பறம் ஆட்டம். கண்ணாடியைத் தேடறா, செருப்பைத் தேடறா, வூட்டு வாசலைத் தேடறா. கண்ணு ஒரு பக்கம் போகுது, கழுத்து ஒரு பக்கம் போகுது. எங்க மாமா ஒரு நாளும் அத்தனை அழகா மறந்ததில்லீங்க. நெசமான மறதிக்கு மூக்குல சளி ஒழுகும், வேட்டி அவுந்துபோகும். அவ மறதிக்கு ஜரிகைக் கரை போட்டிருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லோணும். கம்பி சுத்தறதை ஆடினா பாருங்க, அந்தக் கை இவரு கையேதான். எடக்கையில கம்பியை இழுத்துப் புடிச்சு, வலக்கையில மிசினுக் கைப்புடியைச் சுத்தி, கட்டை வெரலால நீவி உட்டு. நானே ஒரு நிமிசம் மேடைக்கும் பக்கத்து சீட்டுக்கும் மாறி மாறிப் பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சுத்திக்கிட்டு இருந்தாங்க. பாட்டுக்காரம்மா ஒண்ணு, ரெண்டு, மூணுக்கு ராகம் போட்டுப் பாடினாங்க. பத்து வந்தா "பத்து, அப்பா"ன்னு ஒரு இழுப்பு. நா ஊட்டற மாதிரியே குனிஞ்சு, நா செய்யற மாதிரியே சேலை மாராப்புல வாயைத் தொடச்சு உடறா. என்ற கையைக் கழட்டிக்கிட்டுப் போயி அவ மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

முப்பத்தி மூணு. இதுக்கும் மேல கேளுங்க. முப்பத்தி நாலுல நிறுத்திட்டா.

பாட்டு நின்னுபோச்சு, மிருதங்கம் நின்னுபோச்சு. கை அந்தரத்துல நிக்குது, கண்ணு எங்கியோ பாக்குது. எண்ணிக்கை மறந்துபோச்சாமா. அதுதான் கதையில உச்சமாமா. அத்தனை பேரும் மூச்சு உடாமப் பாக்கறாங்க. இவரு மட்டும் "நின்னுபோச்சு"ன்னாரு. மெதுவாச் சொன்னாரு மொதல்ல. அப்பறம் சத்தமா, "நின்னுபோச்சு! காயிலு போச்சு!"ன்னாரு. நா சட்டையைப் புடிக்கறதுக்குள்ள எந்திரிச்சு, ஓரத்துப் படியேறி மேடைக்குப் போயிட்டாருங்க! நேரா அவகிட்டப் போயி அவ கையில இருந்த கம்பியை வாங்கிக்கிட்டாரு. கம்பி எங்க இருக்குது? ஒண்ணும் இல்ல. ஆனா வாங்கிக்கிட்டாரு. "இழுவை உடாதம்மா, தொய்வு வந்துரும், தள்ளு"ன்னு சொல்லி ஆலுல இருந்த சனத்தைப் பாத்துத் திரும்பி நிக்கறாரு. எண்ணறதுக்கு ஆளு வேணுமில்ல. வெளிச்சத்துல கண்ணு கூசுது, கையைக் கண்ணுக்கு மேல வெச்சுக்கிட்டுத் தேடறாரு. "எண்ணிச் சொல்ற புள்ள எங்க? எங்க அந்தப் புள்ள? அதுதான் தப்பில்லாமச் சொல்லும்."

அது நாந்தானுங்க. பொய் சொல்லல. பேரு மறந்துட்டாரு, மொகம் மறந்துட்டாரு, நா எந்த ஊருன்னு தெரியாது. ஐநூறு பேரு முன்னால என்னையத் தேடறாரு. பெத்த மக பக்கத்துலயே நிக்கறா, தள்ளுன்னுட்டாரு. என்னையத் தேடறாரு. நா எந்திரிச்சு, பட்டறையில கத்தற மாதிரி ஒரு கத்துக் கத்தினேன். முப்பத்தஞ்சு!

சுத்தினாரு. முப்பத்தாறு. முப்பத்தேழு. மிருதங்கக்காரரு கெட்டிக்காரருங்க, முப்பத்தெட்டுல என்ற சத்தத்தைப் புடிச்சுக்கிட்டாரு. தாளம் தட்டறவரும் சேந்துக்கிட்டாரு. நாப்பதுல நா மேஸ்திரின்னு சொன்னது அந்த இடியில ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. இவருக்குக் கேட்டுச்சு, தலையை ஆட்டினாரு. நாப்பத்தெட்டு வந்ததும் கம்பியைப் பல்லுல கடிச்சு அத்து, துப்பிட்டு, காயிலை மக கையில வெச்சாரு. "வார்னிஸ்ல போடு"ன்னுட்டு எறங்கி வந்து உக்காந்துக்கிட்டாரு.

அவ அங்கியே மண்டி போட்டு உக்காந்து அழுதா. அது ஆட்டம் இல்லீங்க, மூக்கெல்லாம் ஒழுகுச்சு. ஆலே எந்திரிச்சு நின்னு கை தட்டுது. எல்லாம் முன்னாலயே பழகி வெச்சதுன்னு நெனச்சுட்டாங்க! மக்காநாளு இண்டர்நெட்டுல ஒரு பெரிய மனுசரு எழுதியிருந்தாராமா, பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்த அந்தப் பண்படாத குரல் அற்புதமான உத்தின்னு. பண்படாத கொரலாமா! பண்படுத்தி வெதை போடறதுக்கு நா என்ன அவரு தோட்டமா? என்ற பேரைப் போட்டிருக்கலாமில்ல.

அன்னைக்கே சுகந்தாமணி கேக்கறா, "அண்ணி, மார்கழியில நாலு மேடை இருக்குது, சிங்கப்பூருல ஒண்ணு. நீங்களும் அப்பாவும் அதே சீட்டுல உக்காந்து அதே மாதிரி செய்யோணும்"னு. அப்பாவுக்கு ரெண்டு ஒத்திகை போதும்ங்கறா. மறதிக்காரருக்கு ஒத்திகை! ஆயிரம் தடவை பாத்தாலும் இவரு புதுசாத்தான் எந்திரிப்பாரு, அதுல கவலையே இல்லீன்னேன். சிரிக்க மாட்டேங்கறா.

முப்பத்தஞ்சு. அட, துப்பாதீங்க மாமா, மாங்கா ஊறுகாதான். சொல்ல வந்தது, நா ஏன் இவரைத் திரும்பக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டீங்களே. என்ற மேல தப்பில்லீங்க. திங்கக்கெழமை காத்தால அவளே இட்டிலி கொண்டாந்து உக்காந்தா. எண்ணினா. அழகா எண்ணினா, அவ கொரலு தேனுங்க. ஒம்பது வரைக்கும் தின்னாரு. "பத்து, அப்பா"ன்னா. வாயை மூடிக்கிட்டாரு. "பத்து, அப்பா. பத்து அப்பா, பாருங்க"ன்னு கெஞ்சறா. மோட்டாரு கொண்டாராம வெறுங்கையோட வந்த ஆளைப் பாக்கற மாதிரி பாத்தாரு. மத்தியானமும் ஒம்பதோட நின்னுபோச்சு. ராத்திரியும் ஒம்பதுதான். நா எட்டிப் பாத்துட்டு எட்டிப் பாத்துட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டேன். பெத்த மக ஊட்டறப்ப நடுவுல போயி நிக்கறது நல்லாவா இருக்கும்?

ராத்திரி சமையக்கட்டுக்கு வந்தா. டம்ளரு கழுவிக்கிட்டு இருந்தேன். "அண்ணி, நா என்ன தப்புப் பண்றேன்?"னு கேட்டா. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. நானு, "தெரியலீங்களே அம்முணி"ன்னேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? பெத்த மககிட்டப் போயி, அப்பாவை அப்பான்னு கூப்புடாதேன்னு எப்படிங்க சொல்றது? அவ மனசு என்ன பாடுபடும்? அவளுக்காகத்தாங்க நா சொல்லல. அதுவுமில்லாம மேஸ்திரின்னு கூப்புடாதீங்கன்னு அவதான சொன்னா? அவ சொன்ன பேச்சைத்தான நா கேட்டேன்? அவ போன்ல வீடியோ இருக்குது, போட்டுப் பாத்துக்கட்டுமே. முப்பத்தாறு.

எனக்கு மட்டும் சந்தோசமாங்க? பிரிக்காத சந்தன சோப்பு பையில அப்படியே கெடக்குது. நாலு பையையும் மறுக்காவும் கட்டினேன். மனுசன் பட்டினி கெடக்கறப்ப உட்டுட்டு வர முடியுமா? டிக்கெட்டுங்களா? அதெல்லாம் உடனே கெடைக்குமா இந்த வண்டியில? திரும்பறதுக்கு ரெண்டு பேர்த்துக்கும் போன மாசமே எடுத்து வெச்சுட்டனுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு.

முப்பத்தேழு. முப்பத்தெட்டு. ஏனுங் கண்ணு, ஒரு ஒதவி பண்ணறீங்களா? காத்தால அஞ்சு மணியில இருந்து அடக்கிக்கிட்டு இருக்கறன். இந்த ஸ்பூனைப் புடிங்க. முப்பத்தொம்பதுல இருந்து எண்ணிக்கிட்டே குடுங்க, நாப்பத்தெட்டுல முடிஞ்சுரும். நாப்பதுல மட்டும் ஞாபகமாச் சொல்லோணும், "நாப்பது, மேஸ்திரி. செரிங்களா?"ன்னு. "ம்"முன்னு சொன்ன பொறவுதான் அடுத்தது. சொல்லாட்டித் தொறக்க மாட்டாரு. உங்ககிட்டத் தொறக்கறாரோ என்னமோ, தொறக்காட்டி அப்படியே வெச்சுருங்க, நா வந்து பாத்துக்கறேன். இதா, இப்ப வந்தர்றேன்.

*

வந்துட்டனுங்க. ரயில் கக்கூசுல என்ன சொகம்னு நெனப்பீங்க. தாழ்ப்பாள் இருக்குதுங்களே! போட்டுட்டு ரெண்டு நிமிசம் சும்மா நின்னேன். நாலு வருசத்துக்கப்பறம் ஒரு சாத்தின கதவு. நிம்மதியா இருந்திருக்கோணும். ஆனா வாயி பாட்டுக்கு நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டுன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. வெளிய நின்ன ஆளு கதவைத் தட்டி என்னம்மா ஆச்சுன்னு கேக்கறாரு.

என்னங்க, டப்பா காலியா இருக்குது? நீங்க தின்னுட்டீங்களா? பூராத்தையும் அவரா தின்னாரு? நாப்பதுல சொன்னீங்களா? "ம்"முன்னாரா? உங்ககிட்டயா?

மாமா. மாமா, இங்க பாருங்க. ஆருங்க இது, ஜன்னலோரம் உக்காந்திருக்கறது?

"எண்ணிச் சொல்ற புள்ள."

இல்லீங்க மாமா, அவிய இப்பத்தான் ரயில்ல பாத்தவிய. நல்லாப் பாருங்க. அப்ப நா ஆருங்க?

"நீங்க எந்த ஊருக்குப் போறீங்கம்மா?"

கேட்டீங்களா? அஞ்சு நிமிசம் ஆகலீங்க நா போயி. அஞ்சு நிமிசம். அப்ப மேடையில நின்னு தேடினாரே, அது? அத்தனை பேரு முன்னால?

செரி உடுங்க. உங்க வயரைக் குடுத்துட்டாரா? பாருங்க, எத்தனை அச்சாச் சுத்தியிருக்கறாருன்னு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறல.

என்னங்க? சுகந்தாமணிக்குப் போன் போட்டுச் சொல்றதா? இப்பவேவா?

சொல்லலாமுங்க. ஒத்த வார்த்தைதான். சொல்லிட்டா, ஈரோட்டுல எறங்கி மறுவண்டியில திருப்பிக் கொண்டுபோயி உட்டுட்டுக் கூட வந்தரலாம். மூணு மாசம். சோப்பும் புதுசா இருக்குது. சொல்லலாம், சொல்லக்கூடாதுன்னு இல்ல. என்ற போன்லதான் சார்ஜு இல்லீங்க.

உங்க போன்லயா? சங்கடமுங்க, எதுக்கு உங்களுக்குச் செலவு. இல்லீங்க, இல்லீங்க, நீங்க எடுக்கறதுக்கு நா என்ன வேண்டாம்ங்கறேன்.

நெம்பருங்களா?

ஒம்பது எட்டு நாலு... ஒம்பது எட்டு நாலு...

மறந்துபோச்சுங்க கண்ணு.